எல்லா 'ஓம்'மும் 'யெஸ்' அல்ல



இது கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் உம்மாமார், வாப்பாமார், வெளிநாட்டுக்குப் போக ஆயத்தமாகும் தம்பிமார், வேலைத்தளத்தில் ஆங்கிலத்தில் நாலு வார்த்தை பேச வேண்டியிருப்பவர்கள் ஆறுதலாக வாசியுங்கள். ஆங்கில வசனங்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், அப்பதான் படியும்.

ஆங்கிலத்தில் ஆகக் கஷ்டமான சொல் எது என்று கேட்டால் பிள்ளைகள் நீளமான சொல் ஒன்றைச் சொல்வார்கள். இத்தனை வருடம் படிப்பித்ததில் நான் கண்டது வேறு. எங்கட பிள்ளைகளுக்கு ஆகக் கஷ்டமான இரண்டு சொல் 'யெஸ்', 'நோ'. பாலர் பாடசாலையிலேயே படிக்கிற சொற்கள்தான். தரம் 3 இல் ஆங்கிலப் புத்தகத்தைக் கையில் எடுக்கிற பிள்ளை, தரம் 11 இல் சாதாரண தரப் பரீட்சை எழுதும் வரைக்கும் 9 வருடம் படிக்கிறது. அதற்குப் பிறகும் 'யெஸ்' சொல்ல வேண்டிய இடத்தில் 'நோ' சொல்கிறது, 'நோ' சொல்ல வேண்டிய இடத்தில் 'யெஸ்' சொல்கிறது.

வகுப்பில் அடிக்கடி நடப்பதைச் சொல்கிறேன். கொப்பி தராத பிள்ளையிடம் போய், "யூ ஹெவன்ட் டன் யுவர் ஹோம்வேர்க்?" என்று கேட்பேன். 'நீங்க வீட்டு வேலை செய்யல்லையா?' என்ற கேள்வி. பிள்ளை எழும்பி நின்று, பணிவாக, "யெஸ் சேர்" என்று சொல்லும்.

"அப்ப கொப்பி எங்க?"

பிள்ளை முழிக்கும். அது உண்மையைத்தான் சொன்னது. 'ஓம் சேர், நீங்க சொல்றது சரி, நான் செய்யல்ல' என்பதுதான் அதன் மனதில் இருந்தது. ஆனால் ஆங்கிலத்தில் அது சொன்னது 'செய்திருக்கிறேன் சேர்' என்று.

ஏன் இப்படி ஆகிறது?

தமிழில் ஒருவர் 'இல்லை' போட்டுக் கேட்டால், நாங்கள் முதலில் பார்ப்பது அவர் சொன்னது சரியா பிழையா என்பதை. "நீங்க நேத்து கலியாணத்துக்குப் போகல்லையா?" என்று கேட்டால், போகாதவர் "ஓம், போகல்ல" என்பார். அந்த 'ஓம்' கேட்டவருக்குச் சொன்ன 'ஓம்'. நீங்க நினைச்சது சரி என்று அர்த்தம். "இல்ல, போகல்ல" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். போனவரும் "இல்லயே, போனனே" என்பார். பாருங்கள், போனவரும் 'இல்ல' சொல்கிறார், போகாதவரும் 'இல்ல' சொல்கிறார். ஆனாலும் எங்களுக்குள் குழப்பம் வருவதில்லை. ஏனென்றால் 'போகல்ல', 'போனன்' என்று பின்னால் ஒரு வினைச்சொல் வந்து விஷயத்தை முடித்துவைக்கிறது.

ஆங்கிலத்தில் 'யெஸ்', 'நோ' இரண்டும் கேட்டவரைப் பார்ப்பதே இல்லை. நடந்ததை மட்டும்தான் பார்க்கும். போனால் 'யெஸ்', போகாவிட்டால் 'நோ'. கேள்வியை எந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக் கேட்டாலும் பதில் மாறாது. "டிட் யூ கோ?" என்று கேட்டாலும், "டிடன்ட் யூ கோ?" என்று கேட்டாலும், "யூ டிடன்ட் கோ?" என்று கேட்டாலும், போகாதவரின் பதில் ஒன்றே ஒன்றுதான்: "நோ, ஐ டிடன்ட்."

அதாவது, ஒருவர் 'இல்லை' என்று சொன்னதை ஆங்கிலத்தில் ஆமோதிக்க வேண்டுமென்றால் நீங்களும் 'நோ' சொல்ல வேண்டும். எங்கட காதுக்கு அது மறுப்புப் போலக் கேட்கும். 'நோ' என்று ஆளின் முகத்துக்கு நேரே சொல்வது மரியாதைக் குறைவு என்றும் எங்களுக்கு ஓர் எண்ணம் இருக்கிறது. பெரியவர், முதலாளி, டொக்டர் கேட்டால் முதலில் வாயில் வருவது 'யெஸ் சேர்'தான். அங்கேதான் சிக்குகிறோம்.

இது வெறும் புள்ளிக்கான விஷயமாக இருந்தால் இவ்வளவு எழுத மாட்டேன். பரீட்சையில் ஒரு புள்ளி போனால் பரவாயில்லை. வெளியில் போவது வேறு.

மத்திய கிழக்கில் பல வருடம் வேலை செய்துவிட்டு வந்த எங்கட ஊர்ச் சகோதரர் ஒருவர் ஒரு நாள் அஸருக்குப் பிறகு பள்ளிவாசல் முற்றத்தில் இருந்து இதைச் சொன்னார். அவர் வேலை செய்த இடத்தில் களஞ்சிய அறைத் திறப்பு ஒன்று காணாமல் போயிருக்கிறது. மேலாளர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். இவரிடம், "யூ டிடன்ட் டேக் த கீ?" என்று கேட்டிருக்கிறார். இவர் எடுக்கவில்லை. 'ஓம் சேர், நான் எடுக்கல்ல' என்ற நினைப்பில் "யெஸ் சேர்" என்றிருக்கிறார். மேலாளர் நிமிர்ந்து பார்த்து, "யூ டுக் இட்?" என்று கேட்க, இவர் பதறிப்போய் "நோ சேர், நோ சேர்" என்றிருக்கிறார்.

ஒரு நிமிடத்துக்குள் 'எடுத்தேன்', பிறகு 'எடுக்கவில்லை'. கேட்டவரின் பக்கம் நின்று பாருங்கள். பயத்தில் உண்மை வாயில் வந்துவிட்டது, சுதாரித்துக்கொண்டு மறைக்கிறான் என்றுதான் யாரும் நினைப்பார்கள். திறப்பு பிறகு வேறோர் இடத்தில் கிடைத்ததாம். ஆனால் அன்றிலிருந்து தன்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள் என்றார். "பொய் சொல்லாம இருந்தும் பொய்யன் எண்டு பேர் வந்திச்சு சேர்" என்று அவர் சொன்னது மனதிலேயே நின்றுவிட்டது. அமானிதத்தைப் பேணிய ஒரு மனிதரின் பெயர் கெட்டதற்கு ஒரு சின்னச் சொல்தான் காரணம். அவருடைய ஈமானிலோ நாணயத்திலோ குறை இல்லை. 'ஓம்' எல்லாம் 'யெஸ்' என்று அவர் நினைத்ததுதான் அங்கே நடந்தது.

இதைவிடப் பயமான இடம் ஆஸ்பத்திரி. ஒப்பரேஷனுக்கு முன்னால் வயிறு வெறுமையாக இருக்க வேண்டும் என்பார்கள். மயக்க மருந்து கொடுத்த பிறகு வயிற்றில் உள்ளது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. வெளிநாட்டில் ஒரு தாதி வந்து, "யூ ஹெவன்ட் ஈட்டன் எனிதிங்?" என்று கேட்கிறார் என்று வையுங்கள். ஒன்றும் சாப்பிடாதவர் "யெஸ்" என்றால், சாப்பிட்டுவிட்டார் என்று நினைத்து ஒப்பரேஷனைப் பின்போடுவார்கள். அது பரவாயில்லை. ஆனால் காலையில் ரீயும் ரொட்டியும் சாப்பிட்டவர், 'இல்ல மிஸ், நீங்க நினைக்கிறது பிழை' என்ற நினைப்பில் "நோ" என்று மட்டும் சொன்னால்? அவர் சாப்பிடவில்லை என்று எழுதிக்கொண்டு போவார்கள்.

மருந்து ஒத்துக்கொள்ளாமையும் இப்படித்தான். "யூ ஆர் நொட் அலர்ஜிக் டு பெனிசிலின்?" என்ற கேள்விக்கு, ஒத்துக்கொள்ளாத ஒருவர் 'இல்ல, எனக்கு ஒத்துக்காது' என்று நினைத்து வெறும் "நோ" சொன்னால் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள்.

சிரிப்பான பக்கமும் இருக்கிறது. அறுகம்பையில் அலைச்சறுக்கு சீசனில் முச்சக்கரவண்டி ஓடும் தம்பிமாருக்கு இது தெரிந்த கதைதான். இறங்கிய வெள்ளைக்காரர் பெரிய நோட்டை நீட்டி, "யூ டோன்ட் ஹெவ் சேஞ்ச்?" என்று கேட்பார். மாத்தின காசு இல்லாத தம்பி சிரித்துக்கொண்டு "யெஸ் யெஸ்" என்பார். அவர் மீதிக் காசுக்காகக் கையை நீட்டிக்கொண்டு நிற்பார். தம்பி, அவர் ஏன் நிற்கிறார் என்று விளங்காமல் தானும் நிற்பார். இரண்டு பேரும் நல்ல மனிதர்கள், இரண்டு பேருக்கும் வெயில்.

இப்போது எங்களுக்கு நெருக்கமான ஒரு மொழிக்கு வருகிறேன். இந்த வித்தியாசத்தை ஆங்கிலப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே நாங்கள் குர்ஆன் மத்ரஸாவில் சந்தித்திருக்கிறோம்.

சூரத்துல் அஃராபின் 172 ஆவது வசனத்தை நினைத்துப் பாருங்கள். ஆதமுடைய மக்களிடம் அல்லாஹ், தான் அவர்களுடைய இறைவன் இல்லையா என்று கேட்கிறான். 'இல்லை' சேர்த்துக் கேட்ட கேள்வி. அதற்கு அவர்கள் சொன்ன சொல் 'பலா'. (பிள்ளைகள் சிரிக்க வேண்டாம், இது பலாப்பழம் இல்லை.) சாதாரணமாக 'ஓம்' என்பதற்கு அரபியில் 'நஅம்' என்ற சொல் இருக்கிறது. அது ஏன் இங்கே வரவில்லை? அவர்கள் 'நஅம்' என்று சொல்லியிருந்தால் அது குப்ராகியிருக்கும் என்று இப்னு அப்பாஸ் ரழியல்லாஹு அன்ஹு அவர்கள் சொன்னதாக அறிஞர்கள் எடுத்துச் சொல்வார்கள். ஏனென்றால் இலக்கண அரபியில் 'நஅம்' எங்கட 'ஓம்' மாதிரி. கேட்டவர் சொன்னதை அப்படியே ஆமோதிக்கும். 'இல்லையா?' என்ற கேள்விக்கு 'நஅம்' என்றால் 'ஓம், இல்லைதான்' என்று ஆகிவிடும். 'பலா' அந்த 'இல்லை'யை உடைத்து, 'ஏன் இல்லை, நிச்சயமாக' என்று சொல்லும்.

வத்தீனி சூராவின் கடைசி வசனமும் 'இல்லையா' என்று முடியும் கேள்விதான். அதை ஓதி முடித்ததும் 'பலா' என்று சொல்லி, அதற்கு நானும் சாட்சி என்று சேர்த்துச் சொல்லும் வழக்கம் பலரிடம் இருக்கிறது. அந்தச் சேர்த்துச் சொல்வதைக் கவனித்துக்கொள்ளுங்கள். பிறகு அதற்கு வருகிறேன்.

ஆங்கிலத்துக்கும் ஒரு காலத்தில் இப்படி ஒரு 'பலா' இருந்தது. பழைய ஆங்கிலேயரிடம் இரண்டு சொல் இல்லை, நாலு சொல் இருந்தது. சாதாரணக் கேள்விக்கு 'யே' என்றும் 'நே' என்றும் பதில் சொல்வார்கள். 'இல்லை' சேர்த்துக் கேட்ட கேள்விக்கு 'யெஸ்', 'நோ'. 'அவர் வருவாரா?' என்றால் 'யே' அல்லது 'நே'. 'அவர் வர மாட்டாரா?' என்றால், வருவார் என்பதற்கு 'யெஸ்', வர மாட்டார் என்பதற்கு 'நோ'. அதாவது அந்தக் கால 'யெஸ்' கிட்டத்தட்ட 'பலா'வின் வேலையைச் செய்தது. 16 ஆம் நூற்றாண்டில் தோமஸ் மோர் என்ற பெரிய அறிஞர், பைபிளை ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்த வில்லியம் டின்டேல், 'நே' வர வேண்டிய இடத்தில் 'நோ' போட்டுவிட்டார் என்று குறை பிடித்து எழுதினார். பெரிய மனிதர்களே தடுமாறிய இடம் இது. பிறகு 'யே', 'நே' இரண்டும் புழக்கத்திலிருந்து போய், இரண்டு சொல்லின் தலையில் நாலு சொல்லின் வேலை விழுந்தது.

வேறு மொழிகள் அந்தச் சொல்லைக் கைவிடவில்லை. பிரெஞ்சில் 'சி', ஜெர்மனில் 'டோஹ்' என்று 'இல்லை'யை உடைக்கத் தனிச் சொல் இன்றும் இருக்கிறது. கொரிய மொழி எங்கட பக்கம். 'சாப்பிடல்லையா?' என்று கேட்டால், சாப்பிடாதவர் 'நே' என்பார். அங்கே 'நே' என்றால் 'ஓம்'. கொரியாவுக்கு வேலைக்குப் போக மொழிப் பரீட்சைக்குப் படிக்கும் தம்பிமாருக்கு இந்த விஷயத்தில் தலையிடி இல்லை, தமிழில் யோசித்தாலே போதும்.

ஆகவே பிள்ளைகளிடம் நான் சொல்வது, இது உங்கட மூளையின் குறை இல்லை. உலகத்தில் மொழிகள் இரண்டு மூன்று விதமாக இதைச் செய்கின்றன. தமிழ் ஒரு விதம், ஆங்கிலம் இன்னொரு விதம். 'எனக்கு இங்கிலிஷ் வராது' என்று ஒதுங்க இது காரணம் இல்லை.

சரி, என்ன செய்வது? ஒரே ஒரு பழக்கம் போதும்.

'யெஸ்' என்றோ 'நோ' என்றோ தனியே விடாதீர்கள். பின்னால் ஒரு வாலைக் கட்டுங்கள். தமிழில் 'ஓம், போகல்ல' என்று சொல்கிறோமே, அந்தப் 'போகல்ல'தான் வால். 'பலா' சொல்லிவிட்டு நானும் சாட்சி என்று சேர்க்கிறோமே, அதுவும் அப்படித்தான். ஆங்கிலத்தில் அது மிகச் சின்னது: "நோ, ஐ டிடன்ட்." "நோ, ஐ ஹெவன்ட்." "யெஸ், ஐ டிட்." "யெஸ், ஐ ஹெவ்."

வாலில் 'நொட்' இருந்தால் முன்னால் 'நோ'. வாலில் 'நொட்' இல்லாவிட்டால் முன்னால் 'யெஸ்'. "யெஸ், ஐ டிடன்ட்" என்று ஒரு சோடி கிடையாது. வாய் தடுமாறினால் முதலில் வாலை யோசியுங்கள், தலை தானாக வரும். திறப்பை நான் எடுத்தேனா? இல்லை. அப்ப வால் 'ஐ டிடன்ட்'. அப்ப தலை 'நோ'. "நோ சேர், ஐ டிடன்ட் டேக் இட்." இது மரியாதைக் குறைவு இல்லை. அந்த 'நோ' மேலாளரை மறுக்கவில்லை, எடுக்கவில்லை என்ற உண்மையைச் சொல்கிறது.

முகத்துக்கு நேரே 'நோ' சொல்லக் கூச்சமாக இருப்பவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. "தட்ஸ் ரைட், ஐ டிடன்ட்." 'நீங்க சொல்றது சரி, நான் எடுக்கல்ல.' இது எங்கட 'ஓம்' தான். அதிலும் வால் கட்டாயம்.

படங்கள் பார்க்கிற பிள்ளைகள் உடனே கேட்பார்கள், "சேர், அவங்களும் 'யா' எண்டு சொல்றாங்களே?" உண்மைதான். பேச்சில் ஆங்கிலேயரும் சிலவேளை "யா, ஐ டிடன்ட்" என்பது உண்டு. பாருங்கள், அவர்களும் வாலைச் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். வெறும் 'யா'வோடு விட்டால் அவர்களுக்கே சந்தேகம் வரும்.

இது கேள்விக்குப் பதில் சொல்லும் விதம். இனி, ஒருவர் தன்னைப் பற்றி 'இல்லை' என்று சொல்லும்போது 'நானும்தான்' என்று சேர்ந்துகொள்வது எப்படி என்று பார்ப்போம். பரீட்சையில் வருவதும், பிள்ளைகள் அதிகம் பிழைவிடுவதும் இதில்தான்.

தமிழில் 'நானும்' என்ற ஒரு சொல் போதும். "எனக்கு ரீ பிடிக்கும்." "எனக்கும்." "எனக்கு ரீ பிடிக்காது." "எனக்கும்." அந்த '-உம்' இரண்டு பக்கமும் வேலை செய்யும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வேறு வேறு சொல். "ஐ லைக் டீ" என்றவரோடு சேர, "மீ டூ" அல்லது "சோ டூ ஐ". "ஐ டோன்ட் லைக் டீ" என்றவரோடு சேர 'மீ டூ' சரிவராது. மூன்று வழி இருக்கிறது:

"மீ நைதர்." இது சிநேகிதர்களுக்குள் பேசுவது.
"நைதர் டூ ஐ." இது எங்கேயும் சரி. எழுத்துக்கும், நேர்முகத் தேர்வுக்கும், பரீட்சைக்கும் இதுதான்.
"ஐ டோன்ட் ஐதர்." இதில் 'ஐதர்' கடைசியில் வரும்.

'நைதர்' என்றாலும் 'நீதர்' என்றாலும் சரி. இரண்டும் உலகத்தில் இருக்கிற உச்சரிப்புத்தான், அதற்காக யாரும் சண்டை பிடிக்கத் தேவையில்லை.

மூன்று விஷயத்தைக் கவனித்தால் இதில் பிழை வராது.

முதலாவது, 'நைதர்' என்ற சொல்லுக்குள் 'இல்லை' ஏற்கனவே இருக்கிறது. ஆகவே அதற்குப் பின்னால் இன்னொரு 'நொட்' போடக் கூடாது. "நைதர் டோன்ட் ஐ" பிழை. 'ஐதர்' அப்படி இல்லை, அதற்குள் 'இல்லை' கிடையாது. அதனால்தான் "ஐ டோன்ட் ஐதர்" என்று முன்னால் 'டோன்ட்' தேவைப்படுகிறது.

இரண்டாவது, அடுத்தவர் பாவித்த துணைவினையைத்தான் நீங்களும் எடுக்க வேண்டும். அவர் "ஐ கான்ட் ஸ்விம்" என்றால் நீங்கள் "நைதர் கான் ஐ". அவர் "ஐ ஹெவன்ட் சீன் இட்" என்றால் "நைதர் ஹெவ் ஐ". "ஐ ஆம் நொட் டயர்ட்" என்றால் "நைதர் ஆம் ஐ". "ஐ டிடன்ட் ஸ்லீப்" என்றால் "நைதர் டிட் ஐ". அவர் தந்த வினையிலிருந்து 'நொட்'டைக் கழற்றி, 'நைதர்'க்குப் பின்னால் வைத்து, கடைசியில் ஆளைப் போடுங்கள். ஆள் மாறினால் வினையும் மாறும்: உங்கட தங்கச்சிக்கும் ரீ பிடிக்காது என்றால் "நைதர் டஸ் மை சிஸ்டர்".

மூன்றாவது, 'நொட்' இல்லாமலும் 'இல்லை' ஒளிந்திருக்கும். "ஐ நெவர் ஸ்மோக்" என்றால், நான் ஒருநாளும் புகைப்பதில்லை. இதில் 'நொட்' கிடையாது, ஆனாலும் பதில் "நைதர் டூ ஐ". 'ஹார்ட்லி' என்ற சொல்லும் அப்படித்தான். இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. "ஐ ஹேட் மத்ஸ்" என்றால், கணிதம் அறவே பிடிக்காது. கருத்து வெறுப்பான கருத்துத்தான், ஆனால் வசனத்தில் 'இல்லை' இல்லை. ஆகவே அதற்குப் பதில் "சோ டூ ஐ", "மீ டூ". கருத்தைப் பார்த்து ஏமாறாமல் வசனத்தைப் பாருங்கள்.

வீட்டில் பழக்குவதற்கு ரியூசன் தேவையில்லை, காசும் தேவையில்லை. நோன்பு காலத்தில் பிள்ளைகளோடு நான் செய்வது இது. இப்தாருக்கு முன்னால் கஞ்சியைச் சுற்றி எல்லோரும் இருப்போம். ஒருவர் "ஐ ஹெவன்ட் ஈட்டன் சின்ஸ் சஹர்" என்பார். அடுத்தவர் "நைதர் ஹெவ் ஐ". அதற்கடுத்தவர் "ஐ ஹெவன்ட் ஐதர்". சின்னவர் அரை நோன்பு. அவரிடம் "யூ ஹெவன்ட் ஈட்டன்?" என்று கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும்: "யெஸ், ஐ ஹெவ்!" பாங்கு சொல்லும் வரைக்கும் சிரிப்பும் போகும், நேரமும் போகும். ஒரு நோன்பு மாதத்தில் இது நாக்கில் உட்கார்ந்துவிடும்.

கடைசியாக வகுப்பில் நடந்த ஒரு சின்ன விஷயம்.

தரம் 9 இல் ஒரு பிள்ளை. வருடம் முழுவதும் ஆங்கிலப் பாடத்தில் வாய் திறந்ததில்லை. கேட்டால் குனிந்துகொள்வார். இந்தப் பாடம் படிப்பித்து இரண்டு நாள் போய், வேறு ஏதோ ஒரு பந்தியை வாசித்து விளக்கிக்கொண்டிருந்தேன். முன் வரிசையில் கெட்டிக்காரப் பிள்ளை ஒருவர் எழும்பி, "சேர், ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட் திஸ்" என்றார். பின் வரிசையிலிருந்து மெல்லிய சத்தத்தில், "நைதர் டூ ஐ" என்று கேட்டது. அந்தப் பிள்ளைதான். யாரும் கேட்காமல் அவர் சொன்ன முதல் ஆங்கில வசனம் அது.

அதற்குப் பிறகு இன்னும் நாலைந்து பேர் "நைதர் டூ ஐ" என்றார்கள். பந்தியை மறுகா முதலிலிருந்து வாசித்தோம்.

எனக்கு விளங்கவில்லை என்று தனியே சொல்ல ஒரு பிள்ளைக்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்பது ஆசிரியர்மாருக்குத் தெரியும். மற்றவர் சொன்னதோடு சேர்ந்து 'எனக்கும்தான்' என்று சொல்வது கொஞ்சம் இலேசு. ஆங்கிலத்தில் அதைச் சொல்லத் தெரியாததால் வாயை மூடிக்கொண்டிருக்கிற பிள்ளைகள் எங்கட ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு முதலில் கொடுக்க வேண்டியது பெரிய கட்டுரையோ கடினமான சொல்லோ இல்லை. தெரியாது என்பதையும் இல்லை என்பதையும் சரியாகச் சொல்லும் வசனம். அது இருந்தால் வகுப்பில் கேள்வி கேட்கலாம், ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொல்லலாம், செய்யாத ஒன்றைச் செய்யவில்லை என்று யார் முன்னாலும் சொல்லலாம்.

பிள்ளைகளிடம் இன்றிரவு இந்த ஐந்தையும் கேட்டுப் பாருங்கள். விடையும் தந்திருக்கிறேன், முதலில் மறைத்துவைத்துக் கேளுங்கள்.

1. "ஐ டோன்ட் லைக் திஸ் ஹீட்." நீங்களும் அப்படித்தான். (நைதர் டூ ஐ)
2. "ஐ வோஸன்ட் அட் ஸ்கூல் யெஸ்டடே." நீங்களும் போகவில்லை. (நைதர் வோஸ் ஐ)
3. "ஐ நெவர் ட்ரிங்க் கோஃபி." உங்கட வாப்பாவும் குடிப்பதில்லை. (நைதர் டஸ் மை ஃபாதர்)
4. "ஐ ஹேட் லைஸ்." உங்களுக்கும் பொய் பிடிக்காது. (சோ டூ ஐ)
5. "யூ ஹெவன்ட் பெய்ட் த பில்?" நீங்கள் கட்டவில்லை. (நோ, ஐ ஹெவன்ட்)

ஐந்தாவதுக்கு 'யெஸ்' என்று வந்தால் ஏசாதீர்கள். வால் என்ன என்று மட்டும் கேளுங்கள். பிள்ளையே திருத்திக்கொள்ளும், இன்ஷா அல்லாஹ்.

வெளிநாட்டில் இருக்கிற எங்கட சகோதரர்களுக்கும் இதை அனுப்பிவையுங்கள். அல்லாஹ் எங்கட பிள்ளைகளின் கல்வியில் பரக்கத் செய்வானாக.

வஸ்ஸலாம்.